ஜெபிக்கும்போதே கவலை பெருகுகிறது: எண்ணங்களை விசுவாசத்தால் நடத்துவது எப்படி?

புதுவயல் சகோதரி எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இதுவரை இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசித்து மட்டுமே வந்த நான், முதல் முறையாக ஒரு கேள்வியோடு வருகிறேன். எங்கள் ஊர் காரைக்குடிக்கு அருகில் உள்ள புதுவயல். என் கணவர் இங்குள்ள அரிசி ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு வீட்டில் இருக்கிறார். நான் தையல் வேலை செய்கிறேன். எங்கள் ஒரே மகன் சிங்கப்பூரில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். வரும் மாதங்களில் அவனுடைய வேலை அனுமதி புதுப்பிக்கப்படுமா என்பது தெரியவில்லை. அவனை அனுப்புவதற்காக நகைகளை அடகு வைத்தோம். அவை இன்னும் மீட்கப்படவில்லை.

மூன்று மாதங்களாக விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்போது சிங்கப்பூரில் 5.30. தலைமாட்டில் இருக்கும் போனை எடுத்து, இரவில் நான் அனுப்பிய செய்தியை மகன் பார்த்தானா என்று தேடுவேன். பார்த்திருந்தும் பதில் எழுதவில்லை என்றால், வேலை போய்விட்டதோ, உடம்புக்கு ஏதாவதோ, எங்களிடம் சொல்லத் தயங்குகிறானோ என்று ஒன்றிலிருந்து இன்னொன்றாக எண்ணங்கள் கிளை விடும். உடனே எழுந்து முழங்காலில் நிற்பேன். என் துன்பமே அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு காரியமாகக் கர்த்தரிடம் சொல்லச் சொல்ல, அவை முன்பைவிடப் பெரியவையாகத் தெரிகின்றன. அரை மணி நேரம் கழித்து எழும்போது, ஜெபித்தேனா அல்லது கவலைகளை வாய்விட்டு ஒப்பித்தேனா என்று எனக்கே விளங்குவதில்லை.

'ஒன்றுக்குங் கவலைப்படாமல்' என்று வேதம் கட்டளையாகச் சொல்லியிருப்பதால், கவலைப்படுவதே பாவமோ என்ற பயமும் இப்போது சேர்ந்துகொண்டது. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி நகையை மீட்டுவிடலாமா, மகனை உடனே திரும்பி வரச் சொல்லிவிடலாமா என்றெல்லாம் இரவில் முடிவெடுக்கிறேன்; பகலில் மாற்றுகிறேன். கவலைக்கும் ஜெபத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அனுபவத்தில் கண்டவர்கள் சொன்னால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

கல்லல் வாசகர் எழுதியது:

சகோதரி, கவலை என்பது அவிசுவாசம். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. கவலையான எண்ணம் வந்தவுடன் இயேசுவின் நாமத்தில் அதைக் கடிந்துகொள்ளுங்கள். வசனத்தை உரத்த குரலில் அறிக்கை செய்யுங்கள். எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துகிறோம் என்று 2 கொரிந்தியர் 10:5 சொல்கிறது. சிறைப்படுத்தப்பட்ட எண்ணத்தோடு பேச்சுவார்த்தை எதற்கு? ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டு எழுதுங்கள்.

காரைக்குடி கணக்காளர் எழுதியது:

அன்பு சகோதரிக்கும், கல்லல் சகோதரருக்கும் வணக்கம்.

வசனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று சகோதரர் எழுதியதை நானும் ஏற்கிறேன். பல இரவுகளில் அதுவே என்னையும் தாங்கியிருக்கிறது. ஆனால் 'கவலை என்பது அவிசுவாசம், இரண்டாவது கருத்தே இல்லை' என்பதை ஏற்க முடியவில்லை. ஏற்கெனவே பாரத்தால் வளைந்து நிற்கும் ஒரு தாயின் தலையில் குற்றவுணர்வு என்னும் இன்னொரு மூட்டையை ஏற்றுவதற்கு முன்பு, வேதம் இதை எப்படிப் பேசுகிறது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

'ஒன்றுக்குங் கவலைப்படாமல்' என்பது பிலிப்பியர் 4:6. அதே நிருபத்தில், இரண்டு அதிகாரங்களுக்கு முன்பு, பவுல் தீமோத்தேயுவைப் பற்றி எழுதும்போது, 'உங்கள் காரியங்களை உண்மையாய் விசாரிக்கிறதற்கு' அவனைப்போல் வேறொருவனும் தன்னிடத்தில் இல்லை என்கிறார். மூல கிரேக்கத்தில் இந்த இரண்டு இடங்களிலும் உள்ளது ஒரே வினைச்சொல். ஓரிடத்தில் வேண்டாம் என்று விலக்கப்படுகிற அதே சொல், மற்றோர் இடத்தில் புகழ்ச்சியாக நிற்கிறது. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வேறுபாட்டை உணர்ந்து, ஓரிடத்தில் 'கவலை' என்றும் மற்றோர் இடத்தில் 'விசாரித்தல்' என்றும் எழுதினார்கள். பவுலும் தமக்குக் கவலையே இல்லை என்று சொல்லிக்கொள்ளவில்லை. எல்லாச் சபைகளைக் குறித்தும் உண்டாகிற கவலை தம்மை நாள்தோறும் நெருக்குகிறது என்று 2 கொரிந்தியர் 11:28இல் எழுதுகிறார். அவரை அவிசுவாசி என்று நாம் யாரும் சொல்ல மாட்டோம்.

தமிழில் இது இன்னும் அழகாக விளங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 'என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில், உம்முடைய ஆறுதல்கள் என் ஆத்துமாவைத் தேற்றுகிறது' என்கிறது 94ஆம் சங்கீதம். அங்கே விசாரம் என்றால் கவலை. பேதுருவோ, 'அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்' என்கிறார். அங்கே விசாரிப்பது என்றால் நலம் கேட்பது, பொறுப்பு எடுத்துக்கொள்வது. நம் ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் போய் விசாரித்துவிட்டு வருகிறோமே, அந்த விசாரிப்பு. நாம் ஒருவரைப் பற்றி விசாரப்படும்போது அவர் அருகில் யாரும் போவதில்லை; விசாரிக்கும்போது யாராவது எழுந்து போகிறார்கள். எனக்குத் தெரிந்த வேறுபாடு இதுதான். உங்கள் மகனைப் பற்றி இரவு 3 மணிக்கு நீங்கள் விசாரப்படுகிறீர்கள். அவனை அந்த நேரத்தில் விசாரிக்கக் கூடியவர் ஒருவர் மட்டுமே. பகலில் அவனை நீங்கள் விசாரிக்கலாம், விசாரிக்கவும் வேண்டும்.

இனி எண்ணங்களைப் பற்றி. என் தகப்பனார் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நானும் நாற்பது ஆண்டுகள் பேரேடுகளோடுதான் வாழ்ந்தேன். பிலிப்பியர் 4:8இல் 'சிந்தித்துக்கொண்டிருங்கள்' என்ற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், வியாபாரக் கணக்கிலும் வழங்கிய சொல் என்று ஒரு போதகர் சொல்லக் கேட்டபோது நான் பெரிதும் மகிழ்ந்தேன். ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக 'எண்ணப்பட்டது' என்று ரோமரில் வருகிற சொல்லும் அதுவே. தமிழில் எண்ணுவது என்பது நினைப்பதற்கும் தொகை பார்ப்பதற்கும் பொதுவான சொல்லாக இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அப்படியானால் பவுல் சொல்வது, நல்லவற்றை நினைத்து மனத்தை மகிழ்வித்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும் அன்று; எதைக் கணக்கில் எழுதுகிறீர்கள் என்று பாருங்கள் என்பதும் ஆகும்.

அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது 'உண்மையுள்ளவைகள்'. ஒழுக்கம், நீதி, கற்பு, அன்பு எல்லாம் அதற்குப் பின்தான். என் தகப்பனார் ஐந்தொகை எழுத உட்காரும்போது சொல்வார்: 'நடந்த செலவு எவ்வளவு கசப்பாக இருந்தாலும் பற்றில் எழுது, நடக்காத செலவைப் பயத்தினால் எழுதிவிடாதே, அதற்குப் பெயர் கணக்கு இல்லை.' இரவில் நாம் எழுதுகிற பேரேட்டில் பெரும்பாலும் நடக்காத செலவுகளே இருக்கின்றன. 'மகன் பதில் எழுதவில்லை' என்பது உண்மை. 'வேலை போய்விட்டது' என்பது இன்னும் யாரும் எழுதாத பற்று. 'நகை அடகில் இருக்கிறது' என்பது உண்மை, கசப்பான உண்மை. அதை மறைத்துவிட்டு எல்லாம் நலம் என்று அறிக்கை செய்யும்படி வேதம் நம்மிடம் கேட்கவில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். உங்களுக்கு உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாதாரண நோட்டில், மாலை விளக்கேற்றும் நேரத்தில், அன்று மனத்தை அலைக்கழித்த எண்ணங்களை ஒவ்வொரு வரியாக எழுதுவேன். எதிரே, இது நடந்ததா, நடக்குமென்று நான் பயப்படுவதா என்று குறிப்பேன். நடந்ததாக இருந்தால், நாளைக்கு என் கையால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று பார்த்து அதையும் எழுதுவேன். கடன் தவணையைப் போய்க் கேட்பது, ஒருவருக்குப் போன் செய்வது போன்ற சிறு வேலைகளாகவே அவை இருக்கும். என் கைக்கு எட்டாததையெல்லாம் பெயர் சொல்லித் தேவனுக்குத் தெரியப்படுத்துவேன். 'தெரியப்படுத்துங்கள்' என்றுதான் பிலிப்பியர் 4:6 சொல்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கிறவர்கள் காகிதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்; கையிலேயே பிடித்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருப்பவருடைய விண்ணப்பம் மேசைக்குப் போவதே இல்லை.

அந்த வசனத்தில் 'ஸ்தோத்திரத்தோடே கூடிய' என்ற சொற்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் முழுவதும் பற்றாகவே எழுதிய கணக்கை எந்த முதலாளியும் ஒப்புக்கொள்ள மாட்டார். உங்கள் கணவர் ஸ்டென்ட் வைத்துப் பிழைத்து வீட்டில் இருக்கிறார் என்பது வரவு. அது உண்மையாக நடந்தது.

தேவகோட்டை ஆசிரியை எழுதியது:

இயேசுவுக்குப் புகழ். நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள். கணக்காளர் ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். சகோதரி இரவில் முடிவெடுத்துப் பகலில் மாற்றுவதாக எழுதியிருப்பதைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

பிற்காலத்தில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், 1521இல் ஸ்பெயினின் பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, லொயோலாவில் தம் வீட்டில் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். வாசிப்பதற்கு வீரக் கதை நூல்களைத் தரும்படி கேட்டார்; அவை அந்த வீட்டில் இல்லாததால் கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறுமே கிடைத்தன. அரசவைப் பெருமைகளைக் கற்பனை செய்த நேரங்களில் மனம் இனித்தாலும் பின்பு வறண்டுபோவதையும், புனிதர்களைப் போல் வாழ நினைத்த நேரங்களுக்குப் பின்பு மகிழ்ச்சி தங்குவதையும் அவர் கவனித்தார். எண்ணம் வரும்போது எப்படி இருக்கிறது என்பதைவிட, போன பிறகு எதை விட்டுச் செல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று அங்கே கற்றுக்கொண்டார். அதிலிருந்து அவர் எழுதிய நெறிகளில் ஒன்று, மனம் இருண்டு வறண்டிருக்கும் வேளையில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது, ஒளியில் இருந்தபோது எடுத்த தீர்மானத்திலேயே உறுதியாக நிற்க வேண்டும் என்பது.

ஆகவே, சகோதரி, வீட்டுப் பத்திரத்தைப் பற்றியோ மகனைத் திரும்ப அழைப்பதைப் பற்றியோ இரவில் முடிவெடுக்காதீர்கள். அந்த நேரத்தில் வருகிற எண்ணம் உண்மையாகவே தேவனிடமிருந்து வந்ததாக இருந்தால், காலை பத்து மணிக்கும் அது உண்மையாகவே இருக்கும்.

இஞ்ஞாசியாரின் சபையைச் சேர்ந்தவர்தான் எங்கள் அருளானந்தர், அதாவது புனித ஜான் டி பிரிட்டோ. தேவகோட்டையிலிருந்து ஆண்டுதோறும் நாங்கள் செல்லும் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. முந்தைய நாள் அவர் சிறையிலிருந்து தம்மோடு உழைத்த குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். நம் கவலைகளோ பெரும்பாலும் மறுநாள் என்ன நடக்கும் என்று தெரியாததால் வருபவை. தெரிந்திருந்த அவர், அன்றைக்குரிய வேலையாகிய கடிதத்தை எழுதினார் என்பதை ஒவ்வொரு முறை அந்த மணலில் நிற்கும்போதும் நினைத்துக்கொள்வேன். 'அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்' என்று நீங்கள் வாசிக்கும் வசனத்துக்கு எனக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் கிடைத்ததில்லை.

கானாடுகாத்தான் செவிலியர் எழுதியது:

அம்மா, மூன்று மாதங்களாக ஒரே நேரத்தில் தூக்கம் கலைகிறது என்றால் உடம்பையும் பார்க்க வேண்டும். தைராய்டு, இரத்தசோகை, மாதவிடாய் நிற்கும் பருவத்தின் மாற்றங்கள் இவை எல்லாமே தூக்கத்தைக் கெடுத்துப் படபடப்பைத் தரக்கூடியவை. அரசு மருத்துவமனையில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மனம் தாங்க முடியாத அளவுக்குப் போகிறது என்றால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். இது விசுவாசக் குறைவு ஆகாது.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில், சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்; அவன் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்; இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மெல்லிய சத்தம் அவன் காதில் விழுந்தது அதற்குப் பிறகுதான். அவன் தலைமாட்டில் இருந்தவை தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். உங்கள் தலைமாட்டில் போன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இரவில் வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் மகன் கூப்பிடுவான். மணி சத்தம் உங்களுக்குக் கேட்கும்.

கல்லல் வாசகர் எழுதியது:

கணக்காளர் ஐயா, 2 கொரிந்தியர் 11:28ஐ நான் இத்தனை ஆண்டுகளில் இந்தக் கேள்வியோடு சேர்த்து வாசித்ததில்லை. அவசரமாக எழுதிவிட்டேன், சகோதரி என்னை மன்னிக்க வேண்டும். ஆனாலும் ஒரு சந்தேகம். ஒரு முறை தெரியப்படுத்திவிட்டால் மறுபடியும் மறுபடியும் கேட்பது, கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பிடுங்குவது ஆகாதா? சகோதரியின் இரவு ஜெபத்தில் நடப்பது அதுவாக இருக்கலாமே?

காரைக்குடி கணக்காளர் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. என் உவமை அந்த இடத்தில் நொண்டுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கெத்செமனேயில் ஆண்டவரே மூன்று முறை, அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 சொல்கிறது. ஆகவே திரும்பச் சொல்வது குற்றம் இல்லை. அவர் ஒவ்வொரு முறையும் 'பிதாவே' என்று தொடங்கினார். ஒவ்வொரு முறையும் 'உம்முடைய சித்தம்' என்று முடித்தார். நான் கவனித்த வரையில், என் ஜெபம் கவலையாக மாறுகிற இரவுகளில் முதல் வார்த்தையைச் சொன்ன பிறகு அவரை மறந்து, எனக்கு நானே பேசிக்கொண்டிருக்கிறேன். அப்போது பாதியில் நிறுத்தி, 'பிதாவே' என்று மறுபடியும் தொடங்குவேன். சில இரவுகளில் பத்து முறை அப்படித் தொடங்க வேண்டியிருக்கும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

புதுவயல் சகோதரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், நீங்கள் சொன்னவற்றை ஒரு வாரமாவது செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று நினைத்ததே. கல்லல் சகோதரர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அவர் சொன்னபடி வசனத்தைச் சத்தமாகச் சொன்ன இரவுகளில் என் கணவரும் எழுந்து கூடவே சொன்னார். அவரும் விழித்துத்தான் கிடந்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தையல் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். முதல் நாள் பதினோரு வரிகள் வந்தன. நடந்தவை என்று குறிக்க முடிந்தவை மூன்று. அந்த மூன்றில் ஒன்றுக்கு மட்டும் மறுநாள் செய்யக்கூடிய வேலை இருந்தது: மகனிடம் நேராகக் கேட்பது. அதுவரை 'சாப்பிட்டாயா' என்று மட்டுமே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவனுடைய மதிய இடைவேளையில் கூப்பிட்டு, அனுமதி என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டேன். இன்னும் முடிவு வரவில்லை என்றும், நாங்கள் பயப்படுவோம் என்று நினைத்துத்தான் அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தான் என்றும் சொன்னான். இருபது நிமிடம் பேசினோம். எத்தனையோ மாதங்களாக அவனைப் பற்றி விசாரப்பட்டிருக்கிறேன். அன்றுதான் அவனை விசாரித்தேன்.

பத்திரத்தைப் பற்றி முடிவு செய்யவில்லை. மகன், கணவர், நான் மூவரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு பகலில் பேசுவது என்று வைத்திருக்கிறோம். செவிலியர் சொன்ன பரிசோதனையும் செய்தாயிற்று. இரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

விழிப்பு இப்போதும் வருகிறது. நேற்று வந்தது. போன் முன் அறையில் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, 'பிதாவே' என்று தொடங்கினேன், எண்ணம் நகைக்குப் போயிற்று, மறுபடி தொடங்கினேன். நான்காம் முறை தொடங்கியது நினைவிருக்கிறது. அதன் பிறகு பால்காரர் மணி அடிக்கும் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.